சொன்னபடி கேட்கும் வெளிச்சம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஓர் ஒளிச் சிற்பக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். இருட்டறையில் நூற்றுக்கணக்கான விளக்குகள் தொங்கின. கையை உயர்த்தினால் அவையும் உயர்ந்தன, இறக்கினால் இறங்கின. பிள்ளைகள் குதித்தார்கள், பெரியவர்கள் படம் எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் எனக்கு அலுத்துவிட்டது. சென்சாரும் மோட்டாரும் செய்கிற வேலையில் கலைஞர் செய்தது என்ன? மின்சாரம் போனால் அங்கே என்ன மிஞ்சும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்கு அலுத்ததில் தவறே இல்லை. கை உயர்ந்தால் விளக்கும் உயரும் என்பது முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. ஆனால் பழியைச் சென்சார் மேல் போடாதீர்கள். நாம் அசைந்தால் அது என்ன செய்யும், எவ்வளவு தாமதித்துச் செய்யும், எப்போது செய்யாமல் இருக்கும் என்பதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். கலைஞரின் வேலை அங்கேதான்.

நிக்கோலா ஷோஃபர் 1956-இல் 'சிஸ்ப் 1' என்றொரு சிற்பம் செய்தார். சக்கரங்கள் மேல் நகரும் உலோகச் சட்டகம் அது. ஒளியை உணர ஃபோட்டோசெல், ஒலிக்கு மைக். சத்தம் கேட்டால் அடங்கிவிடும், நிசப்தத்தில் துள்ளும். நீல நிறம் அதை உசுப்பும், சிவப்பு தணிக்கும். அதை ஆட வைக்க வேண்டுமென்றால் நாம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்! அதற்கென்று ஒரு குணம் இருந்தது. குணமுள்ள ஒன்றோடுதான் பழக முடியும்.

அப்புறம், ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் 'பல்ஸ் ரூம்', 2006. எனக்கு மிகவும் பிடித்த படைப்பு. கூரையிலிருந்து 100 முதல் 300 வரை குண்டு பல்புகள் தொங்கும். ஓரிடத்தில் கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்தால் உங்கள் இதயத்துடிப்பை உணர்ந்து, பக்கத்துப் பல்பு அதே வேகத்தில் மின்னும். கையை எடுத்ததும் அறை முழுக்க இருண்டுவிடும். பிறகு எல்லாத் துடிப்புகளும் ஒரு பல்பு தள்ளிப் போகும். உங்களுடையது வரிசையில் சேர, கடைசியில் இருந்தது மறைந்துபோகும். அந்தச் சில கணங்களின் இருட்டுக்காகவே இந்தப் படைப்பை நேசிக்கிறேன். கையை விட்ட பிறகுதான் அது தன் பேச்சைத் தொடங்குகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். எல்.இ.டி. சட்டென்று அணைந்துவிடும். குண்டு பல்பின் இழைக்கு அது முடியாது. மஞ்சளித்து, சிவந்து, ஆறித்தான் இருளும். அதனால் ஒவ்வொரு துடிப்பும் மூச்சுப்போல எழுந்து தணிகிறது. பல்பைத் தேர்ந்தெடுத்ததும் கலைதான்.

சரி, மின்சாரம் போனால்? சிற்பி நவும் காபோ 1919-20-இல் ஒற்றை உலோகக் கம்பியை மோட்டாரில் பொருத்தி அதிர வைத்தார். ஓடும்போது அந்தரத்தில் ஓர் அலை எழுந்து நிற்கும். அதற்கு வளைவு உண்டு, பருமன் உண்டு, ஊடே பின்சுவரும் தெரியும். மோட்டாரை நிறுத்தினால் வெறும் கம்பிதான். மிஞ்சுவது அவ்வளவே, அதை அவர் மறைக்கவும் இல்லை.

மறுபடி அந்த அறைக்குப் போக வாய்த்தால் கையை ஆட்டாமல் ஓரமாக நில்லுங்கள். யாரும் சீண்டாதபோது அந்த விளக்குகள் என்ன செய்கின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.