பவர் இல்லாத மேலாள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஊர் கண்டனூர். சென்னையில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் டேட்டா பிரிவின் தலைவராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சேர்ந்த முதல் வாரமே ஒரு கேள்வி கேட்டேன்: நமக்கு மொத்தம் எத்தனை வாடிக்கையாளர்கள்? கடன் பிரிவு ஒரு எண் சொன்னது, வசூல் பிரிவு வேறொன்று, ஆப் டீம் இன்னொன்று. இன்றுவரை மூன்றும் சேரவில்லை. விலை கூடிய சாஃப்ட்வேர் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். கிளைகளில்தான் யாரும் சட்டை செய்வதில்லை. எம்.டி. ஒவ்வொரு கூட்டத்திலும் "ஏஐ எப்ப வரும்?" என்கிறார். "டேட்டா வேலை கணக்கப்பிள்ளை வேலைதான்" என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நம் ஐயாக்கள் (தாத்தாக்கள்) ரங்கூனில் நடத்திய வட்டிக்கடைகளில் இந்தக் குழப்பம் இருந்திருக்காது இல்லையா? நான் எங்கே கோட்டை விடுகிறேன்?

பி.கு.: எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய பேரேடுகள் கிடக்கின்றன. ஸ்கேன் செய்துவிடலாமா?

மெ.

அன்புள்ள மெ.,

கணக்கப்பிள்ளை வேலை என்று எழுதியது நான்தான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அது பாதிதான் சரி என்று பட்டது.

ரங்கூன் கடையையே எடுத்துக்கொள்வோம். முதலாளி தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். மூன்று வருடத் தவணைக்குக் கப்பலேறிப் போன மேலாள்தான் அங்கே கடையை நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஐந்தொகை, அதாவது கடையின் பேலன்ஸ் ஷீட், இடித்தால் மேலாள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் பெட்டியில் முதலாளி எழுதிக்கொடுத்த பவர், அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், இருக்கும். கடன் கொடுக்கலாம், இல்லை என்று கைவிரிக்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம். உங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் வந்திருக்கிறது, பவர் வரவில்லை. கிளைக்காரர் எழுதுகிற கணக்குக்கு நீங்கள் ஜவாப்தாரி. எழுதாதே என்று அவரை நிறுத்த உங்களால் முடியாது.

இது உங்கள் கம்பெனியில் மட்டும் உள்ள கோளாறு இல்லை. இந்தப் பதவிக்கே வயது குறைவு. அமெரிக்காவில் கேபிடல் ஒன் வங்கி 2002-ல் ஒருவரை நியமித்ததைத்தான் முதல் நியமனமாகச் சொல்கிறார்கள். அங்கே அரசுத் துறை ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று 2019-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் இந்த நாற்காலியில் உட்காருபவர்கள் சராசரியாக இரண்டு, இரண்டரை வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மேலாளின் ஒரு தவணைகூட முழுசாகத் தேறவில்லை.

பணம் போட்டால் தீரும் என்றால் பெரிய வங்கிகள் எப்போதோ தீர்த்திருக்கும். 2008-ல் அமெரிக்காவின் லேமன் வங்கி விழுந்தபோது, அந்த ஒரு பெயரில் தங்களுக்கு வரவேண்டியது மொத்தம் எவ்வளவு என்று பல வங்கிகளால் சட்டென்று கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதற்காகவே, உலக அளவில் வங்கிகளுக்கு விதி வகுக்கும் பாசெல் குழு 2013-ல் விதிமுறை எழுதி, உலகின் மிகப் பெரிய வங்கிகளுக்கு 2016 ஜனவரி வரை கெடு கொடுத்தது. 2023-ல் போய்ப் பார்த்தால் 31 வங்கிகளில் முழுசாகத் தேறியவை இரண்டே இரண்டு. சிட்டி வங்கிக்கு இடர் மேலாண்மையிலும் டேட்டாவிலும் இருந்த ஓட்டைகளுக்காக 2020-ல் 40 கோடி டாலர் அபராதம், சொன்னபடி சரிசெய்யவில்லை என்று 2024-ல் மறுபடியும் 13 கோடி சொச்சம். உங்கள் எட்டு மாதத்துக்காக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு நிதி நிறுவனத்துக்காக வாடிக்கையாளர் பட்டியலைச் சலித்தோம். ஒரே கிளையில் இருநூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரே செல்போன் எண். கூப்பிட்டுப் பார்த்தேன். "டீக்கடைங்க, யாரு வேணும்?" என்றார் ஒருவர். கிளைக்கு எதிரே இருந்த கடை. பிறந்த தேதியைப் பார்த்தால் பாதிப் பேர் ஜனவரி 1. இங்கே உட்கார்ந்துகொண்டு அதைச் சோம்பேறித்தனம் என்று அறிக்கை எழுதினேன், பார்வர்டு ஆனது, பாராட்டும் வந்தது. அப்புறம் நேரில் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. உண்மையான எண்ணை ஏற்றினால் தலைமை அலுவலகத்து டெலிகாலர் நேரடியாகப் பேசி இன்ஷூரன்ஸ் தள்ளுகிறார், ஆள் கடுப்பாகிக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார், இலக்கு கிளைக்காரர் தலையில் விடிகிறது. அவர் தன் வாடிக்கையாளர்களைக் காப்பாற்றத்தான் டீக்கடை எண்ணைக் கொடுத்திருக்கிறார். உண்மையான எண்கள் எல்லாம் அவருடைய நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் அழகாக எழுதியிருந்தன. சுத்தமான டேட்டா. எங்கள் கையில்தான் இல்லை.

அந்த நோட்டை வாங்க எந்த சாஃப்ட்வேராலும் முடியாது.

சரி, போன தை மாதம் நம் பக்கத்தில் ஒரு கல்யாணம். பட்டாலையில் (வீட்டு முன்கூடத்தில்) இசைகுடிமானம் என்கிற கல்யாணப் பத்திரம் எழுத உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை பெயர், அவர் அப்பச்சி (அப்பா) பெயர், ஐயா பெயர், ஊர், கோயில், விலாசம் (குடும்பத்தின் பெயரெழுத்துகள்) என்று ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், "எந்த அண்ணாமலை?" என்று பேனாவை நிறுத்திவிட்டார். அந்த ஊரிலேயே அதே பெயரில் மூன்று பேர். விலாசத்தைச் சொன்ன பிறகுதான் பேனா நகர்ந்தது. கேசரி ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் நம்மவர்களுக்குப் பெயர்ப் பஞ்சம். ஐயா பெயரையே பேரனுக்கு வைப்போம். உங்கள் துறையில் இதற்கு மாஸ்டர் டேட்டா என்று பெயர் வைத்துக் கோடிக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.

ஏன் ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை? கோயில் மாலைக்காக. ஒன்பது நகரக் கோயில்களில் மாப்பிள்ளையின் கோயிலிலிருந்தும் பெண்ணின் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். விவரம் சரியில்லை என்றால் மாலை வராது, மாலை வராத கல்யாணம் பதிவாகாது, பதிவாகாத தம்பதி புள்ளி என்கிற கோயில் குடும்பக் கணக்கில் சேராது. கோயில் யாருக்கும் டேட்டாவின் அருமை பற்றி வகுப்பு எடுப்பதில்லை. கொடுக்காமல் வைத்துக்கொள்ள அதன் கையில் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கையில் என்ன மாலை இருக்கிறது? எம்.டி.யிடம் அதைத்தான் கேட்க வேண்டும், இன்னொரு சாஃப்ட்வேரை இல்லை. உங்கள் தொழிலில் எனக்குத் தோன்றுவது கடன் பட்டுவாடா. பான் எண்ணும் ஓடிபி வந்து உறுதியான செல்போன் எண்ணும் இல்லாத கோப்புக்குப் பணம் போகாது என்று ஒரே ஒரு சுற்றறிக்கை, அவர் கையெழுத்தில். கூடவே, அந்த எண்ணுக்கு டெலிகாலர் போன் பண்ணமாட்டார் என்று கிளைகளுக்கு ஒரு வாக்குறுதி. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் வாங்கிவந்தால், புதிதாக ஒரு டீக்கடை முளைக்கும்.

அந்த மூன்று எண்களைச் சேர்க்கும் வேலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கடன் பிரிவுக்குக் கடன் வாங்கியவர் வாடிக்கையாளர், வசூல் பிரிவுக்குத் தவணை பாக்கி உள்ளவர், ஆப் டீமுக்கு டவுன்லோடு செய்தவரெல்லாம். மூன்றும் அவரவர் கணக்கில் சரிதான். போர்டு கூட்டத்துக்குப் போவது எது என்பதை மட்டும் எழுத்தில் முடிவு செய்யுங்கள். மற்றவை வேறு பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏஐ விஷயத்தில் எம்.டி.யோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அந்த ஆசைதான் உங்களுக்கு பட்ஜெட் வாங்கித் தருகிறது. ஓரளவு சுத்தமாக உள்ள ஒரு மூலையைப் பார்த்து, சொத்துப் பத்திரங்களைப் படித்துச் சுருக்கம் தருவது போல ஒன்றைச் செய்து காட்டுங்கள். பயமுறுத்த வேண்டிய நாளில் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2023-ல் நிறைவேறியது, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் தினமும் அதையே சொன்னால் உங்களை வாட்ச்மேன் ஆக்கிவிடுவார்கள். சம்பாதித்துக் கொடுக்கிற வேலை ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ஐயாக்கள் காலத்தில் குழப்பமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். பேரேடு சுத்தம்தான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938-ல் அது 25 சதவீதம். யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் கைக்கு வந்தது, அவ்வளவும் பைசா பிசகாமல் எழுதப்பட்டிருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பேரேட்டை மூட்டை கட்டிக்கொண்டு நடந்தே வந்தவர்கள் உண்டு. நிலம் அங்கேயே நின்றுவிட்டது.

பெட்டிக்கு வருகிறேன். தாராளமாக ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் கடையில் கொடுக்காதீர்கள். தாள் வளைந்து நொறுங்கும். பகல் வெளிச்சத்தில், வளவில் (வீட்டு முற்றத்தில்) வைத்து போனில் படம் எடுத்தாலே போதும். ஒவ்வொரு ஏட்டின் முதல் பக்கத்தையும், விலாசம் தெரிகிற மாதிரி, முதலில் எடுங்கள். உள்ளே தமிழ் எண்களும் அரைக்கால், மாகாணி போன்ற பழைய பின்னங்கள் எல்லாமும் இருக்கும். வாசிக்கத் திணறினால் நாலைந்து பக்கம் அனுப்புங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் வைத்துவிடுங்கள். கரையான் முதலில் அடி ஏட்டில்தான் வாய் வைக்கும்.

அன்புடன்,
அண்ணன்