சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 62 வயது, கணவருக்கு 66. இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பெங்களூரு ஜெயநகரில் 1991இல் கட்டிய சொந்த வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடிப் போர்ஷன் இரண்டு வருடமாகக் காலி. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். சென்ற வருடம் என் கணவர், டெம்போ டிராவலரை வீடு போல மாற்றியமைத்த மோட்டார் ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்கினார். வருடத்தில் எட்டு மாதம் ஊர் சுற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கும் பயணம் பிடிக்கும். ஆனால் இந்த ஆகஸ்ட், செப்டம்பரில் ஏழு வாரம் போய்த் திரும்பியபோது மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி, பூஜை அறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறியிருந்தது. என் அம்மாவின் தேக்கு அலமாரியின் அடிப்பலகை ஊறிப்போய்விட்டது. மேஸ்திரி, பெயிண்டர், கரையான் மருந்து அடிப்பவர் என்று நான்தான் அலைகிறேன். வண்டியிலும் சமையல் என்னுடையதுதான். “வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போய்விடலாம்” என்கிறார் அவர். “வண்டியை விற்றுவிடுங்கள்” என்கிறேன் நான். மூன்று வாரமாகச் சரியாகப் பேச்சில்லை. ஜனவரியில் ஹம்பிக்குப் போக நாள் குறித்திருக்கிறார். போகட்டுமா, வேண்டாமா?

– வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வீட்டையும் விற்க வேண்டாம், வண்டியையும் விற்க வேண்டாம். குறைந்தது ஒரு வருடத்துக்கு இந்த இரண்டு பேச்சையும் இருவருமே எடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஓதச் சுவரைப் பற்றியதன்று. “வண்டியிலும் சமையல் என்னுடையதுதான்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. உங்கள் கணவருக்கு அலுவலகம் ஒரு தேதியில் முடிந்தது. மாலை போட்டு அனுப்பினார்கள். உங்களுக்கும் வெளி வேலை முடிந்தது. வீட்டு வேலைக்கு அப்படி ஒரு தேதி வரவே இல்லை. இப்போது அதோடு இன்னொரு வீடும் சேர்ந்துகொண்டது. மோட்டார் ஹோமும் வீடுதானே? அதற்கும் கூரை உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, கழிவுத் தொட்டி, பேட்டரி, காஸ் எல்லாம் உண்டு. கூரையில் ஜன்னல் பொருத்திய இடத்தில் பூசிய சிலிகான் வெடித்தால் அதுவும் ஒழுகும். ஓடாமல் நிற்கிற மாதங்களில் பேட்டரி இறங்கும், பெருச்சாளி ஒயரைக் கடிக்கும். இரண்டு பேர் இரண்டு வீடுகளைத் தாங்குகிறீர்கள். அதில் ஒரு வீட்டின் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில், மற்றொன்றில் பாதியும் உங்கள் தலையில். களைப்பாக இருக்காதா?

ஆகவே முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது வேலையை. வண்டிக்கு அடியில் குனிந்து டயரையும் ஆயிலையும் பார்க்கிறவரால் மொட்டை மாடிக்கு ஏறி இலை அள்ள முடியும். கூரை, சம்ப், மேல்தொட்டி, மோட்டார், குழாய், மேஸ்திரி, பிளம்பர் எல்லாம் இன்றிலிருந்து அவருடையது. “ஞாபகப்படுத்து, செய்கிறேன்” என்பது இதில் சேராது. ஞாபகம் வைத்துக்கொள்வதும் அவர் வேலைதான். பயணத்தில் கழிவுத் தொட்டியைக் காலி செய்வதும் அவருடையது. ஒரு வேளை வெளியில் சாப்பிடுங்கள், ஒரு வேளை அவர் சமைக்கட்டும். உப்புமாதான் தெரியும் என்றால் உப்புமா போதும். இதைச் சண்டைக்கு நடுவில் சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தையே அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வீடு ஏன் ஒழுகியது என்பதையும் பார்ப்போம். நீங்கள் பூட்டிவிட்டுப் போனது ஆகஸ்ட், செப்டம்பரில். பெங்களூருக்கு அதிக மழை செப்டம்பர், அக்டோபரில்தான். 2022 செப்டம்பரில் ஒரே இரவில் 131.6 மில்லிமீட்டர் கொட்டி, நகரின் ஒரு பகுதியே படகில் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஜெயநகரில் தெருவுக்குத் தெரு பெரிய மரங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலையும் குல்மோஹரின் இலையும் சிறு சிறு துணுக்குகளாக உதிர்பவை. ஒரு காற்றடித்தால் மாடியில் விழுந்து, தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் பாய் விரித்தாற்போல் படிந்துவிடும். சாதாரணத் தட்டை ஜல்லடை அதோடு அடைந்துபோகும். அந்த வாயில் கவிழ்த்த கிண்ணம் போன்ற உருண்டைக் கம்பிவலையைப் பொருத்துங்கள். அடியில் இலை சேர்ந்தாலும் மேல்பாதி வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு முறை ஒருவர் ஏறிப் பார்த்திருந்தால் உங்கள் பூஜை அறைக்கு இந்தக் கதி வந்திருக்காது.

அந்த ஒருவர் யார்? அதற்குத்தான் வருகிறேன். உங்கள் மாடிப் போர்ஷன் இரண்டு வருடமாகக் காலியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிக வாடகைக்கு ஆள் தேடாதீர்கள். வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பொறுப்பான ஒரு சிறு குடும்பத்தை வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது வாரம் ஒரு முறை கீழ்வீட்டைத் திறந்து ஜன்னல்களை ஒரு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும், மாடிக் குழாய் வாயைப் பார்க்க வேண்டும், எல்லாக் குழாயையும் ஒரு நிமிடம் திறந்துவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். சாவி அவர்களிடம் ஒன்று, அதே தெருவில் உங்களுக்கு நெருங்கியவர்களிடம் ஒன்று. பகுதிக் காவல் நிலையத்திலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இல்லை என்று தெரிவித்துவிடுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள வீட்டைத் திருடன் எளிதில் நெருங்குவதில்லை; கரையான் ஏறினாலும் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மகளின் பிரசவத்துக்காக எங்கள் அல்சூர் வீட்டை இரண்டு மாதம் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் முகத்தில் அடித்தது. குளியலறை முழுக்கக் கரப்பான். எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று பயந்துபோனேன். வந்த பிளம்பர் எதையும் உடைக்கவில்லை. தரை வடிகாலில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினார், நாற்றம் நின்றுவிட்டது. வடிகாலுக்குக் கீழே வளைவாக ஒரு பகுதி இருக்கிறது. அதில் எப்போதும் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே விடாமல் அடைக்கிறது. சில வாரம் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது வற்றிவிடும், வழி திறந்துவிடும். புறப்படும் அன்று தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி கடலை எண்ணெய் விடச் சொன்னார். எண்ணெய் மேலே படர்ந்து நின்று, தண்ணீர் வற்றுவதைத் தாமதப்படுத்தும். தேங்காயெண்ணெய் வேண்டாம் என்றார். பெங்களூரு மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும். அன்றிலிருந்து நான்கு நாள் ஊருக்குப் போனாலும் அந்த வடிகாலில் தண்ணீர் ஊற்றாமல் நான் கிளம்புவதில்லை.

மற்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும். மேல்தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் வால்வை மூடுங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, அணைத்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வடிநீர் ஊற்றிவிட்டுப் போங்கள். சம்ப் மூடி இறுக மூடியிருக்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இனி காலண்டர். எட்டு மாதம் என்பது உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது, உங்களுக்கும் ஒத்துவராது. டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் பாதி வரை பெங்களூரில் மழை அநேகமாக இல்லை. வீட்டுக்குப் பயமில்லாத காலம் அதுதான். வண்டிக்குள் படுத்துத் தூங்கவும் தக்காண மேட்டில் அதைவிட நல்ல பருவம் கிடையாது. அந்த மூன்று மாதத்தை ஒரே பயணமாக ஆக்காமல் இரண்டாக உடையுங்கள்; நடுவில் பத்து நாள் வீட்டில் இருங்கள். ஏப்ரலில் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த மாதத்துக்குள் சொத்து வரியை முழுவதும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. சம்பைக் கழுவுவது, கோடைத் தண்ணீருக்கு வழி பார்ப்பது, மே மாதக் காற்றுக்கு முன்னால் வீட்டின் மேல் சாய்ந்த கிளைகளை வெட்டச் சொல்லி மனுக் கொடுப்பது எல்லாம் அப்போதுதான். ஜூன், ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அவ்வளவு பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. மண் சரியும் காலம். ஆகஸ்டில் ஆசைப்பட்டால் பத்து நாள். செப்டம்பர், அக்டோபர் வீடு. நவம்பரில் ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்று. அதை இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம்.

வண்டி விஷயத்தில் ஒன்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மாற்றியமைத்த வண்டியைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். ஆர்.சி.யில் அது என்ன வகை என்று பதிவாகியிருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. மோட்டார் கேரவன் என்று முறையாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. உங்கள் ஆர்.சி.யில் இன்னும் பயணிகள் வேன் என்றே இருந்தால், விபத்து என்று வரும்போது காப்பீட்டுக் கோரிக்கை தள்ளுபடியாகலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் அதை நேர்செய்துகொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் அதன் நிபந்தனைகளையும் படியுங்கள். ஆள் இல்லாமல் 30 நாளைத் தாண்டினால் திருட்டுக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கிறது. நீங்கள் போனது 49 நாள்.

அவர் 66 வயதில் ஒருவராகவே ஓட்டுகிறார் என்று தோன்றுகிறது. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், பொழுது சாய்ந்தால் நிறுத்தம். இதில் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். அவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

வீட்டை விற்பதைப் பற்றி. எரிச்சலில் வீட்டை விற்றவர்களை எனக்குத் தெரியும். பிறகு அதே தெரு வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வார்கள். ஃபிளாட்டில் மொட்டை மாடிக் கவலை இல்லை, உண்மைதான். ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? பெரும்பாலான அடுக்ககங்களில் ஒரு காருக்குத்தான் இடம். இதை அவரிடம் கேட்டுப் பாருங்கள். பிற்காலத்தில் விற்க நேர்ந்தாலும் பெங்களூரில் இப்போது பத்திரப் பதிவுக்கு இ-காத்தா, அதாவது மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு, கட்டாயம். அதை மட்டும் நிதானமாக வாங்கி வையுங்கள்.

ஹம்பிக்குப் போங்கள். பன்னிரண்டு நாள் மட்டும். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 340 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போகாமல் சித்ரதுர்கத்தில் ஓர் இரவு தங்கி, காலையில் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்குள் மாடிக்கு ஆள் வந்திருந்தால் நல்லது. இல்லையென்றால் சாவியைத் தெருவில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

போவதற்கு முன்னால் பெயிண்டரை நிறுத்துங்கள். ஈரச் சுவர்மேல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் செதில் செதிலாக உரியும். முதலில் மாடித் தளத்தின் விரிசலை அடைக்க வேண்டும். பிறகு சுவரை மார்ச் வரை சும்மா காய விடுங்கள். அலமாரியை வெயிலில் தூக்கிப் போடாதீர்கள், பலகை வெடித்துவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, செங்கல்மேல் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக் காற்றில் உலரட்டும். அடிப்பலகை மிருதுவாகிவிட்டதா என்று ஓர் ஆணியின் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் நல்ல தச்சர் அந்த ஒரு பலகையை மட்டும் கழற்றிப் புதுத் தேக்கு வைத்துத் தருவார். மற்றவை உங்கள் அம்மா வைத்திருந்தபடியே இருக்கும். தச்சரைத் தேடிப் பிடிக்கிற வேலை உங்கள் கணவருடையது.