பாம்புக்கடி ஒட்டுவாரொட்டியா?

கேள்வி: புற்றுநோய் வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று பல மாநிலங்களில் உத்தரவு போட்டிருக்கிறார்களாமே? அது என்ன ஒட்டுவாரொட்டியா? வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் பெயர் அரசாங்கத்துக்கு எதற்கு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் பெயர் எனக்குத் தெரியும், கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. யாருக்கு என்ன புற்றுநோய் என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து திரட்டி எழுதிவைக்கும் புற்றுநோய்ப் பதிவேடும் இப்படித்தான். பெயர் உள்ளே இருக்கும், அச்சில் வருவது எண்ணிக்கை மட்டும்.

ஒருவர் கும்பகோணத்தில் ஸ்கேன் பார்த்து, தஞ்சாவூரில் பயாப்சி எடுத்து, சென்னையில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்கிறார். பெயர், வயது, முகவரியை ஒத்துப் பார்க்காவிட்டால் அவர் கணக்கில் மூன்று பேராகிவிடுவார். சிகிச்சைக்கே வராமல் இறந்தவரையோ இறப்புப் பதிவைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். அதற்கும் பெயர் வேண்டும்.

சென்னைக்கான பதிவேட்டை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் தொடங்கியது 1981-இல். சட்டம் எதுவும் துணைக்கு இல்லை. ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து, கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதிய கணக்கு அது. அன்று சென்னைப் பெண்களுக்கு அதிகம் வந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். அது மெல்ல இறங்கி, மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்டது. இந்த மாற்றம் தெரிந்ததே அந்த நடையால்தான்.

ஒட்டாத நோய்க்கு எதற்கு என்று கேட்பது நீங்கள் மட்டுமல்ல. திரிபுரா 2008-லேயே புற்றுநோயை அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. நாடாளுமன்றக் குழு 2022-இல் நாடு முழுக்கச் செய்யச் சொன்னது. தொற்றாத நோயாயிற்றே என்றது மத்திய சுகாதார அமைச்சகம். அதே அமைச்சகம் 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வகைசெய்யுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பாம்புக்கடி எப்போது சார் ஒட்டுவாரொட்டி ஆயிற்று?

உத்தரவு மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். காசநோய்க்கு 2012-இல் போட்டார்கள். தனியார் டாக்டர்கள் பலர் கண்டுகொள்ளவில்லை. 2018-இல் சிறைத் தண்டனைப் பிரிவுகளைக் காட்டவேண்டி வந்தது.

சரி, வரன் விஷயம். பதிவேடு கசிந்தால் கசியவிட்டவருக்குத் தண்டனை வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி பெயர் பெரிதாகப் போட்ட ஸ்கேன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடுகிறாரே? முதலில் அதை ஒரு மஞ்சப்பையில் போடுங்கள்.