சட்டம் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 1985-ல் கல்யாணம். தாத்தா வழி வந்த நிலம் 80 சென்ட். அப்பா 2010-ல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மாவும் இரண்டு அண்ணன்களும் இருக்கிறார்கள். “1989-க்கு முன் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது” என்கிறார்கள். சரியா?

பதில்: அது பழைய கதை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தத்தில் அந்த விலக்கு இருந்தது உண்மை. 2005 மத்தியத் திருத்தத்தில் அது இல்லை. பிறப்பாலேயே மகளுக்கு உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ விற்பனையோ இருந்தால் சிக்கல். நிலத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடும்.

முதலில், நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று காட்டும் மூலப்பத்திரத்தைப் பாருங்கள், பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்து என்றால் அப்பா, இரண்டு அண்ணன்கள், நீங்கள் என நான்கு பங்கு, ஆளுக்கு 20 சென்ட். அப்பாவுடைய 20 சென்ட் அம்மா உட்பட உங்கள் நால்வருக்கும் ஐந்தைந்தாகப் பிரியும். ஆக உங்களுக்கு 25, அம்மாவுக்கு 5. தாத்தா சுயமாக வாங்கி, 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பின் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்தது அவருடைய தனிச்சொத்து. அம்மா உட்பட ஆளுக்கு 20.

பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று விடுதலைப் பத்திரத்தை (உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) நீட்டினால் படிக்காமல் போடாதீர்கள்.