குறைமாதக் குழந்தையின் வெள்ளை அணுக்கள் என்ன சொல்கின்றன? கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் தொட்டில் பக்கம் நிற்கும் டாக்டர் இல்லை. அங்கிருந்து வரும் சின்னக் குப்பிகளை ஆய்வகத்தில் வைத்துப் பார்க்கும் ஆள். உங்கள் குழந்தைக்கு என்ன மருந்து என்று நான் சொல்ல முடியாது. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்ல முடியும்.

29 வாரத்தில் பையன் பிறந்தான், எடை 1,100 கிராம். தினமும் ரத்தம் எடுக்கிறார்கள் டாக்டர். பார்க்கவே பயமாக இருக்கிறது. இத்தனை தடவை எடுக்கலாமா?

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 85 முதல் 90 மில்லி ரத்தம்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் பையனிடம் மொத்தமே 100 மில்லிக்குள். ஒரு மில்லி எடுத்தால் நூற்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால்தான் இந்தத் துறையில் எல்லோரும் குறைந்த ரத்தத்தில் அதிகம் பார்க்கும் வழியைத் தேடுகிறார்கள். எதிர்ப்பு செல்களை வகை பிரித்து எண்ண இப்போது 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு போதும். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒரு மில்லியாவது வேண்டும். குறைத்து எடுத்தால் கிருமி இருந்தும் சிக்காமல் போகலாம். அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நான் என்.ஐ.சி.யூ., அதாவது பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர். ஐ.டி. விகிதம் 0.2-ஐத் தாண்டினால் உடனே ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள். பல குழந்தைகளுக்குக் கடைசியில் கல்ச்சரில் ஒன்றும் வருவதில்லை. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தத்தில் கிருமி புகுந்தால் முதலில் ஓடி வருவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு. குறைமாதக் குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் அதன் கையிருப்பு குறைவு. கையிருப்பு தீர்ந்ததும் முதிராத செல்களையும் மஜ்ஜை வெளியே அனுப்பிவிடுகிறது. மொத்த நியூட்ரோபில்களில் இந்த முதிராதவை எவ்வளவு என்பதே ஐ.டி. விகிதம்.

சிக்கல் என்னவென்றால், மஜ்ஜையை அவசரப்படுத்துவது கிருமி மட்டும் இல்லை. கஷ்டப்பட்ட பிரசவம், மூச்சுத் திணறல் எல்லாம் இதையே செய்யும். அதனால் விகிதம் கூடியிருந்தால் 'தொற்று இருக்கலாம்' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளிலும் விகிதம் சரியாக இருந்து, குழந்தையும் நன்றாக இருந்தால், தொற்று இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிப்பதைவிட, நோய் இல்லை என்று சொல்லி மருந்தை நிறுத்த உதவுவதில்தான் கெட்டி. என்னைக் கேட்டால் அதைத்தான் நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை.

நேரத்தையும் பாருங்கள். பிறந்த பிறகு நியூட்ரோபில் எண்ணிக்கை தானாகவே ஏறி 6 முதல் 8 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அந்த உச்சம் 24 மணி நேரத்தை ஒட்டி வரும். பிறந்த உடனே எடுத்த மாதிரியை வைத்து முடிவெடுப்பது அவசரம். அம்மாவுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் இருந்திருந்தால் குழந்தையின் நியூட்ரோபில் சில நாள் குறைவாகவே இருக்கும். அதற்குத் தொற்று காரணம் இல்லை. குதிகாலில் குத்தி எடுத்தால் நரம்பில் எடுத்ததைவிட வெள்ளை அணு கூடுதலாகக் காட்டும். அப்புறம், உட்கருவோடு சுற்றும் இளம் சிவப்பணுக்கள் குறைமாதக் குழந்தைகளிடம் நிறைய இருக்கும். சில மெஷின்கள் அவற்றையும் வெள்ளை அணு என்று எண்ணிவிடும். எண் நம்ப முடியாததாக இருந்தால் தயங்காமல் எங்களைக் கூப்பிட்டு, ஸ்லைடை ஒருவர் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள்.

மருத்துவ மாணவன். சி.டி.64 அளந்தால் சி.ஆர்.பி.யைவிட முன்னதாகத் தெரியுமா, சார்?

கொள்கை அளவில் ஆமாம். சி.ஆர்.பி. என்பது அழற்சியைக் காட்டும் ஒரு புரதம். அதைக் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட வேண்டும். அதற்கு அரை நாள் வரை ஆகலாம். தொற்றைக் காட்டும் இன்னொரு அளவான புரோகால்சிடோனின் சீக்கிரம் ஏறும், ஆனால் பிறந்த முதல் இரண்டு நாளில் எந்த நோயும் இல்லாமலே அது உயரும். சி.டி.64 நியூட்ரோபிலின் மேற்பரப்பிலேயே இருக்கும் ஒரு ஏற்பி. சும்மா இருக்கும்போது கொஞ்சம்தான் இருக்கும். கிருமி வந்த சில மணி நேரத்தில் பெருகும். ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடியை அதன் மேல் ஒட்டவைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டு அளக்கிறோம். அதுதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி.

ஆனால் எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்ற எல்லைக்கோடு மெஷினுக்கு மெஷின் மாறுகிறது. இரவு இரண்டு மணிக்கு இதைச் செய்து தர எல்லா ஆய்வகத்திலும் ஆளும் இருப்பதில்லை. சி.ஆர்.பி. இன்னும் கோலோச்சுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வயிறு உப்பியிருக்கிறது, பால் நிறுத்திவிட்டார்கள். மோனோசைட் குறைந்திருப்பதாக டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். குடல் நோய்தானா?

நெக் என்று சுருக்கமாகச் சொல்லும் குடல் அழற்சியை மனதில் வைத்துப் பேசியிருப்பார்கள். அந்த நோயில் ரத்தத்தில் சுற்றும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் குடல் திசுவுக்குள் நுழைந்து, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன. அதனால் ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சட்டென்று விழும். சாதாரணமாகப் பால் ஒத்துக்கொள்ளாத குழந்தையையும் நெக் வந்த குழந்தையையும் பிரித்தறிய இந்த வீழ்ச்சி உதவும் என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. இங்கே பார்க்க வேண்டியது முந்தைய எண்ணிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதை. தனி எண்ணுக்கு அர்த்தம் இல்லை. நோயை உறுதி செய்வது வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் எக்ஸ்ரேயும்தான். குடல் சுவருக்குள் காற்று தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தை வைத்தே பின்னால் நுரையீரல் நோய் வருமா என்று சொல்ல முடியாதா? குழந்தையைக் குத்தவே வேண்டியதில்லையே?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தொப்புள்கொடி ரத்தம் கருப்பையில் நடந்த கதையைச் சொல்லும். இனி நடக்கப்போவதை அவ்வளவாகச் சொல்லாது. 2018-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா குழு 100 குழந்தைகளை முதல் மூன்று மாதம் தொடர்ந்து பார்த்தது. நிறைமாதமும் குறைமாதமும் அதில் இருந்தன. பிறந்தபோது இரு தரப்பின் எதிர்ப்பு செல்களும் வேறு வேறாக இருந்தன. மூன்று மாதத்துக்குள் இரண்டும் ஒரே பாதைக்கு வந்து சேர்ந்தன. தொப்புள்கொடி ரத்தத்தின் அளவுகளை வைத்துப் பிந்தைய நிலையைக் கணிக்க முடியவில்லை. வெளியே வந்ததும் சந்திக்கும் கிருமிகள், பால், வென்டிலேட்டர் எல்லாம் சேர்ந்து செல்களை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் கேட்கும் நுரையீரல் நோய், அதாவது பி.பி.டி., கர்ப்பக் கணக்கில் குழந்தைக்கு 36 வாரம் ஆகும்போதும் ஆக்சிஜன் தேவைப்படுகிறதா என்பதை வைத்தே பொதுவாகச் சொல்லப்படுகிறது. டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களை வைத்து அதை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி ஆராய்ச்சி அளவில் நடக்கிறது. சிகிச்சையை மாற்றும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனையில் ட்ரெக் குறைவு, மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். எதிர்ப்பு சக்தியே இல்லாத நோயா?

பெரும்பாலும் இருக்காது. ட்ரெக் என்பது நெஞ்சிலிருக்கும் தைமஸ் சுரப்பியில் புதிய டி செல் உருவாகும்போது மிஞ்சும் டி.என்.ஏ. வளையம். ஸ்கிட் என்ற கடுமையான பிறவிக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க 2008-இல் விஸ்கான்சினில் இதைத் தொடங்கினார்கள். குறைமாதத்தில் தைமஸே முதிராததால் எண் குறைவாக வருவது சகஜம். வாரங்கள் ஆக ஆக ஏறும். ஏறாவிட்டால் டி செல்களை நேரடியாக எண்ணுவார்கள். முடிவு தெரியும்வரை பி.சி.ஜி., ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எண்ணிக்கை குறைவென்றால் கூட்டிவிடலாமே? அதற்கு ஊசி இருக்கிறதாமே?

இருக்கிறது, செய்தும் பார்த்தார்கள். 31 வாரமோ அதற்கும் முன்னரோ பிறந்து எடையும் குறைந்த 280 குழந்தைகளை வைத்து, மஜ்ஜையைத் தூண்டும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். ஊசி பற்றி நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. நியூட்ரோபில் ஏறியது, செப்சிஸ் என்ற ரத்தத் தொற்று குறையவில்லை. தொற்று வந்த, அல்லது சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின், அதாவது தயாரான ஆன்டிபாடி கொடுத்துப் பார்த்த 2011 ஆய்வில் 3,493 குழந்தைகள். அதிலும் இறப்போ பெரிய ஊனமோ குறையவில்லை. எண்ணைச் சரிசெய்வதும் குழந்தையைச் சரிசெய்வதும் ஒன்றில்லை.

ரிப்போர்ட்டில் லிம்போசைட் சிவப்பில் அச்சாகியிருக்கிறது, அதிகமாம். என்ன செய்வது?

முதலில் எந்த அளவோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். சில ஆய்வகங்களில் பெரியவர்களுக்கான எல்லையே ரிப்போர்ட்டில் வந்துவிடும். பச்சைக் குழந்தைக்கு லிம்போசைட் என்ற வெள்ளை அணு பெரியவர்களைவிட அதிகமாக இருப்பதுதான் இயல்பு. லேபுக்குப் போன் செய்து, பிறந்த வாரத்துக்கும் இன்றைய வயதுக்கும் உரிய அளவோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் கையில் வைத்திருங்கள், டாக்டர் அவற்றைக் கேட்பார்.