வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: என் பேத்தி பிறந்தவுடன் அழவில்லை, மூளைக்குப் பிராணவாயு குறைந்திருக்கலாம் என்றார்கள். லண்டனிலுள்ள உறவினர், குழந்தையின் உடலை ஏன் குளிர்விக்கவில்லை என்று கேட்கிறார். தவறவிட்டுவிட்டோமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: இல்லை, அம்மா, அந்தக் கவலை வேண்டாம். பிறந்த 6 மணி நேரத்திற்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 72 மணி நேரம் 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கும் இச்சிகிச்சை, மேலைநாடுகளில் இறப்பையும் ஊனத்தையும் குறைத்தது உண்மையே. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்து, 2021-இல் வெளியான ‘ஹீலிக்ஸ்’ ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தனர். இங்கு பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இனி முக்கியம் தொடர் கண்காணிப்பே. மூன்று மாதம் கடந்தும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை இறுக மூடியே வைத்திருந்தாலோ, நான்கு மாதமாகியும் தலை நிற்காவிட்டாலோ, ‘போகப் போகச் சரியாகும்’ என்று காத்திராமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, இயன்முறைப் பயிற்சியை உடனே தொடங்குங்கள்.