வரலாற்றுக் கதைகளில் நிஜ மனிதர்களை எப்படிக் கற்பனைப் பாத்திரங்களாக மாற்றுகிறார்கள்?

எளிய வழி, ஒரு வரித் தகவலை ஊதிப் பெரிதாக்குவது. கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலில் வரும் வந்தியத்தேவன் அப்படி வந்தவன்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்று பெயர் இருக்கிறது. குறும்பும் வாய்த்துடுக்கும் கல்கி கொடுத்தவை. நந்தினிக்கு அந்த ஒரு வரிகூடக் கிடையாது.

ஆனால் என்னை அசத்தியது வேறொன்று: ஒரே ஆளை இரண்டாகப் பிளப்பது. (பொன்னியின் செல்வன் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்.)

பள்ளி விடுமுறையில் முதன்முறை படித்தபோது, பூக்கட்டித் தேவாரம் பாடிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று வந்ததும் கடுப்பாகிவிட்டது. குழந்தை மாறிப்போன கதையா, இதற்கா ஐந்து பாகம் என்று. கல்கிக்கு எவ்வளவு சிக்கல் இருந்தது என்பது கல்வெட்டுச் செய்திகளைப் படித்த பிறகுதான் புரிந்தது.

சோழ மன்னர் சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். சுந்தர சோழருக்குப் பின் அரியணை ஏறியது அவன் தம்பி அருண்மொழி (பின்னாளில் இராஜராஜன்) அல்ல, உத்தம சோழன் என்கிற மதுராந்தகன். அவன் 985 வரை ஆண்டான். கொலையாளிகளின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய உடையார்குடிக் கல்வெட்டோ இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதுவரை ஆட்சியில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கு உத்தமன் மேலேயே சந்தேகம். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் குழப்புகிறது: சிற்றப்பன் உத்தமனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அருண்மொழி ஒதுங்கினானாம்.

இப்போது கதாசிரியர் நிலையில் இருந்து பாருங்கள். தியாகம்தான் கதையின் உச்சம். பதவி ஆசை பிடித்தவனுக்கு, அதுவும் அண்ணன் கொலையில் சந்தேகத்துக்கு ஆளானவனுக்கு, நாயகன் முடியைத் தூக்கிக் கொடுத்தால் வாசகன் ஏற்பானா? சிவபக்தையான செம்பியன் மாதேவி மாதிரி ஒரு தாய்க்கு அப்படிப்பட்ட பிள்ளையா? அதனால் ஆசை, சதி எல்லாவற்றையும் பொய் மதுராந்தகன் தலையில் கட்டிவிட்டு, பெயரையும் முடியையும் மட்டும் சாதுவான சேந்தன் அமுதனுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த பொய் மதுராந்தகனையும் வீணாக்கவில்லை, அவனைப் பாண்டிய அமரபுஜங்கன் ஆக்கினார். இராஜராஜன் பிடித்ததாக அதே செப்பேடு சொல்லும் அரசன் அவன்! கணக்கு எவ்வளவு சுத்தமாக முடிகிறது பாருங்கள்.

2023இல் வந்த இரண்டாம் பாகப் படத்தில் இந்தப் பிளவை எடுத்துவிட்டார்கள். நேரம் போதாது என்பதால் இருக்கலாம். அங்கே ஒரே மதுராந்தகன்தான், அருண்மொழி முடியை அவனுக்கே சூட்டுகிறான். வரலாற்றுக்குப் படம்தான் நெருக்கம் என்பேன். ஆனால் தியேட்டரில் அந்தக் காட்சி வந்ததும், நாவல் படிக்காத என் தங்கை சட்டென்று திரும்பி, "இவனுக்கா கொடுக்கிறான்?" என்றாள்.